குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது

…ஆழம் எத்தனை அடி என்று அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்டால் நன்றாக இருக்கும், நூற்றைம்பது அடியிலேயே தண்ணீர், கம்ப்ரசர் காற்றை இறக்கியதும் ஆளுயரத்துக்கு எழும்பி வெள்ளையாய் விழுந்த தண்ணீர், அதை மட்டும் சொல்லச் சொன்னால் மோகன்குமாருக்கு நாக்கு தடுமாறாது, மற்றதைச் சொல்லத்தான்… மேற்கே பச்சமுத்துவின் காட்டில் விடிந்ததிலிருந்து போர் போடும் ரிக் ஓடுகிறது, ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வருகிறதாம், ஈரமே இல்லாத பாறைத்தூள், அது காற்றோடு வந்து மல்லசமுத்திரத்தின் இந்தக் கடைசித் தெருவரைக்கும் படிகிறது, இன்றைக்கென்று பார்த்தா இந்தச் சத்தம் கேட்க வேண்டும், அதே உறுமல், அதே இடைவெளி விட்டு ராடு மாற்றும் நேரத்து அமைதி, அந்த அமைதியில்தான் மனசு நழுவி அங்கே போய்விடுகிறது. "என்னுங்க, அந்த நீலச் சட்டையப் போட்டுக்கங்க, இது கழுத்துல நைஞ்சு கெடக்குது," என்று தமிழ்ச்செல்வி உள்ளேயிருந்து சொன்னாள், சொல்லிக்கொண்டே வந்து அவனுடைய போனை வாங்கி மேசைமேல் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தாள், முகம் தெரிகிறதா, பின்னால் கொடியில் காயும் துணி தெரிகிறதா, துணியை எடுத்துப்போட்டாள். சட்டையையா பார்க்கப்போகிறார்கள், அவன் வேலை பார்த்த ஆப்பிரிக்க நாட்டுப் பார்லிமெண்டின் குழு அது, ஐந்தாறு பேர் உட்கார்ந்து கேட்பார்களாம், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுவார்களாம், கிரேஸ் எழுதியிருந்தாள், மோகன், நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும் என்று. பார்த்தபடி என்றால் எதிலிருந்து…

கிரேஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆப்பிரிக்காவில் ஒன்பது வருஷம் அவன் ரிக் சூப்பர்வைசர், திருச்செங்கோட்டு வண்டி, திருச்செங்கோட்டு ஓனர், ஆட்கள் பாதி இங்கேயிருந்து போனவர்கள், பாதி அந்த ஊர்க்காரர்கள், கிரேஸ் அவர்கள் முகாமில் சமையல்காரி. வந்த முதல் மாதமே ரசம் வைக்கப் பழகிவிட்டாள், கொத்தமல்லி கிடைக்காத ஊரில் ஏதோ ஒரு தழையைக் கிள்ளிப் போடுவாள், நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் ட்ரில்லர் பையனின் கையை ராடு நசுக்கி ரத்தம் கொட்டியபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து கட்டிய கட்டைப் பார்த்துத்தான் இவன் கேட்டான், கிரேஸம்மா, இதை எங்கே கற்றாய் என்று. நர்ஸ் படிப்பு, அரசாங்கக் கல்லூரியில், பாஸ் பண்ணிச் சான்றிதழும் வாங்கியாயிற்று. பிறகு ஏன் இங்கே வெங்காயம் உரிக்கிறாய்? அவள் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை, எங்கள் செட்டில் எல்லோரும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, எங்களுக்கு வேலை இல்லை என்றாள். அதெப்படி என்று இவனுக்குப் பிடிபடவேயில்லை. அரசாங்கம் வெளியே கடன் வாங்கியிருந்ததாம், கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டிருந்தார்களாம், அரசாங்கம் தரும் மொத்தச் சம்பளம் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று, ஆகையால் புதிதாக நர்ஸும் எடுக்கக்கூடாது, வாத்தியாரும் எடுக்கக்கூடாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இவர்கள்தான் போர் போட்டார்கள், ஒரே ஒரு டீச்சர், மாமரத்தடியில் நூறு பிள்ளைகளுக்கு மேல், கடைசி வரிசைக்குக் குரல் எட்டாமல் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பின்னாலிருப்பவர்களுக்குச் சொல்லும், அவர்கள் அதற்கும் பின்னால் சொல்வார்கள், போய்ச் சேரும்போது அது என்ன பாடமாக இருக்குமோ. நம்ம ஊரில் லாரிக்கும் ரிக்குக்கும் பைனான்ஸ் கொடுக்கிறவன் தவணை தப்பினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவான், வாசலில் நின்று பேசக்கூடாத பேச்செல்லாம் பேசுவான், ஆனால் உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடாதே என்று எழுதி வாங்கமாட்டான்… வாங்கமாட்டானா? அப்படி எழுதி வாங்கினவர்களும் யாரோ படித்தவர்கள்தானே, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்தானே, அந்த வரியை எழுதும்போது அதற்குக் கீழே ஒரு முகாமில் ஒருத்தி வெங்காயம் உரிப்பது தெரிந்திருக்குமா, அப்படி ஏன் தெரியப்போகிறது.

காலையில் பழைய ஓனர் தீனதயாளன் அண்ணன் கூப்பிட்டார், இப்போதும் அவர் வண்டி இரண்டு அங்கே ஓடுகிறது. மோகன்குமார் அந்த வேலையை விட்டு ஊரோடு வந்து மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்த பிறகும் தீபாவளிக்கு வேட்டி அனுப்புகிறவர், அவர் குரல் காலையில் கூடுதல் இதமாய் இருந்தது, அதிலேயே தெரிந்துவிட்டது. "ஏப்பா மோகனு, நீ என்னமோ அந்த ஊருக்காரங்க கூட்டத்துல பேசப்போறியாமா?" ஆமாங்ணா. "பேசு, நான் வேண்டாங்கல. நம்ம வண்டி அங்க கெவருமெண்டு வேல பாத்துட்டிருக்குது, அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு சாமி." கம்பெனி பேரு சொல்லமாட்டனுங்ணா. "பேரு சொல்லாட்டி ஆருன்னு தெரியாதா? நீ போயி ஒத்தை ஆளு சொல்லி, கடன் குடுக்கறவன் மனச மாத்திக்கப்போறானா?" மாற்றுவார்களா? இப்போது புது ஒப்பந்தம் பேசப்போகிறார்களாம், நர்ஸ்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஒன்றே ஒன்று கேட்கிறார்களாம், என்ன வரம்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி சம்பளத்தையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் அந்த வரம்புக்கு வெளியே வையுங்கள், அதை எழுத்தில் கொடுங்கள் என்று. அதற்குச் சாட்சி தேடுகிறார்கள், எங்கள் ஆட்கள் சொன்னால் வேலைக்காகச் சொல்கிறார்கள் என்பார்கள், நீங்கள் வெளியாள் மோகன், உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, கிரேஸ் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஒன்றும் இல்லையா… செரிங்ணா, பாத்துப் பேசறனுங் என்று சொல்லிப் போனை வைத்தான்.

பார்த்துத்தான் பேச வேண்டும், வரிசையாக, விட்டுப்போகாமல். முகாமுக்குப் பக்கத்தில் கட்டி முடித்தும் திறக்காமல் கிடந்த ஆஸ்பத்திரி, கட்டடம் சின்னது, ஓட்டின்மேல் சோலார் தகடு, இரண்டு கட்டில், மெத்தையின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை, சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், தண்ணீர் மட்டும் பாக்கி, அதை இவர்கள் கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ரிக்கின் மாஸ்ட்டை இறக்கக்கூட இல்லை, இரண்டு ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கேரியரில் ஒரு பெண், ஒருத்தன் ஹாண்டில்பாரையும் இன்னொருத்தன் அவள் முதுகையும் பிடித்துக்கொண்டு. புதுப் பெயிண்டைத் தூரத்திலிருந்து பார்த்து ஆஸ்பத்திரி திறந்துவிட்டது என்று நினைத்து வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டான், கிரேஸ் மாவுக் கையைப் புதுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள், ஆம்பளைகள் வெளியே என்றாள், மோகன் மட்டும் வாசலில் நில்லுங்கள், ஏதாவது கேட்பேன். குழந்தை பிறந்தது, அழுதது, நன்றாகவே அழுதது, சைக்கிள்காரர்கள் மழையில் நின்று சிரித்தார்கள். அப்புறம் கிரேஸின் குரல் மாறியது. ரத்தம் நிற்கவில்லை. ஊசி, மோகன், ரத்தம் நிற்கப் போடுகிற ஊசி, குளிர்பெட்டியில் இருக்கும், பாருங்கள். குளிர்பெட்டி மூலையில் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல பெட்டி, மெல்லிய ரீங்காரம், திறந்தான், உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் காற்று முகத்தில் அடித்தது, தட்டுகளுக்கு நடுவே பேக்கிங் தெர்மாகோல் அப்படியே இருந்தது, வேறொன்றும் இல்லை. மூடினான். ஏனோ மறுபடியும் திறந்தான். நர்ஸ் போட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் மருந்து அனுப்புவார்கள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியும், நர்ஸைப் போட வழியில்லை, அதனால் மருந்தும் இல்லை, பெட்டி மட்டும் வெயிலை வாங்கி வெறுமையைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. முகாமில் இருந்த ஒரே பிக்கப் வண்டி டீசல் வாங்கப் போயிருந்தது. அது வரும்வரை கிரேஸ் முழங்கால் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள், பிக்கப் வந்தபோது பிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தமிழ்ச்செல்விக்குப் பிரசவம் இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், அந்த நர்ஸம்மா போட்ட சத்தம், இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க, இந்தத் துணியையா கொண்டுவருவீங்க, வராந்தாவில் நின்ற இவனுக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது, அன்றைக்குக் கோபமாக வந்தது. அங்கே திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை. ஊர் திரும்பியபின் வீட்டுக் குளிர்பெட்டியின் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் திறந்து பார்ப்பான், பால் இருக்கும், தக்காளி இருக்கும், மூடிவிட்டு மறுபடி திறப்பான், தமிழ்ச்செல்வி ஒன்றும் கேட்காமல் பெட்டியைப் பின்கட்டுக்கு நகர்த்திவிட்டாள். கடையில், பட்டப்பகலில், மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த ரீங்காரம் முதுகுப்பக்கம் வந்து நிற்கும், திரும்பினால் யாருமில்லை…

போன் அதிர்ந்தது. தமிழ்ச்செல்வி பச்சை வட்டத்தைத் தள்ளிவிட்டு, படத்தில் விழாத இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நீள மேசை, தலைவி போலிருந்த வயதான அம்மாள் தலையில் பூப்போட்ட துணி சுற்றியிருந்தாள், பின்வரிசை நாற்காலி ஒன்றில் கிரேஸ், உடம்பு பூசினாற்போல் இருந்தாள், கை அசைத்தாள். ரிக்கில் பழகிய அவனுடைய உடைந்த இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தான், தண்ணீரிலிருந்து, பெயிண்டிலிருந்து, சைக்கிள், ஊசி, குளிர்பெட்டி, வரிசை தப்பவில்லை, பச்சமுத்து காட்டு ரிக் கூட நல்லவேளை நின்றிருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் குறுக்கே கேட்டார், நீங்கள் டாக்டரா? இல்லைங்க. அந்த ஊசி இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுங்க, என்றான், என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது, ஊசி போடத் தெரிஞ்ச ஆளு அங்க இருந்தாங்க, எங்களுக்குச் சோறாக்கிட்டு இருந்தாங்க, அது மட்டும் தெரியும். அரசாங்கமும் பணத்தை வீணடிக்கவில்லையா, எல்லாப் பழியும் கடன் ஒப்பந்தத்தின் மீதா? அதுவும் எனக்குத் தெரியாதுங்க, அங்க பெட்டி இருந்துச்சு, கட்டில் இருந்துச்சு, ஆளுதான் இல்ல. கோட்டுக்காரர் எதையோ எழுதிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தான். அப்போது தலைவி முன்னால் குனிந்து, கேமராவைப் பார்க்காமல், அந்தப் பெண் ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள்.

சொன்னாளா… இல்லை என்றுதான் வாய் எடுத்தான், இத்தனை நாள் ஒத்திகை பார்த்ததில் அது இல்லவே இல்லை, அவளை யாரும் பேசவைத்ததில்லை, அவன் நினைப்பில் அவள் எப்போதும் சத்தமில்லாமல்தான் படுத்திருந்தாள், பெட்டிதான் சத்தம் போட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது அவள் சொன்னதே, இவனுக்கு அர்த்தம் தெரியாத அவளுடைய பாஷையில். கட்டையான சின்னச் சொற்கள், நடுவில் ஓர் இழுவை, கடைசியில் மூச்சுப்போல ஒன்று, அவள் வாசல் பக்கம் பார்த்து, இவனைப் பார்த்து, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள், கிரேஸ் வேறு பக்கத்து ஊர்க்காரி, அவளுக்கும் அந்தப் பாஷை தெரியாது, சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி அந்தப் பக்கச் சுவரோரம் போய்விட்டார்கள், இவன் ஓகே ஓகே என்று தலையாட்டிக்கொண்டே நின்றான், அப்படித் தலையாட்டியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சொல்லி முடித்தான். கோட்டுக்காரர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் கிரேஸ் பக்கத்திலிருந்தவளிடம் எதையோ கேட்பது தெரிந்தது, அந்தப் பெண் அவள் காதோரம் குனிந்தாள், கொஞ்ச நேரம்தான், கிரேஸ் மெல்லக் குனிந்து நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். நன்றி மிஸ்டர் மோகன்குமார், என்றாள் தலைவி, இதைப் பதிவு செய்கிறோம். திரை அணைந்து அதில் அவன் நீலச் சட்டை தெரிந்தது.

"கடைசியா என்னமோ சொன்னீங்களே, அது என்னுங்க?" அந்தப் பொம்பள சொன்னது, என்றான். "அப்படின்னா?" தெரியாது என்று சொல்ல வந்தவன் நின்றான். கிரேஸைக் கூப்பிட்டால் இந்த நிமிஷமே சொல்லிவிடுவாள், அது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஆனால் முகாமில் அவள் பாஷை பேசுகிற மலைப்பக்கத்து ஆட்களே நாலைந்து பேர் இருந்தார்களே, ராடு தூக்குகிறவர்கள், அன்றைக்குச் சாயங்காலம்கூட அவர்களோடு உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டான், அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவர்களோடேதான் இருந்தான், யாரிடம் வேண்டுமானாலும், எந்த நாளிலும், டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இருந்தது. பச்சமுத்து காட்டில் ரிக் மறுபடி உறுமத் தொடங்கியது, தமிழ்ச்செல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் போனைக் கையில் எடுத்தான், வைத்தான், எடுத்தான்.