கேப்டன் சேர்த்த இரண்டு வரி

கல்யாணம் முடிந்த பத்தொன்பதாம் நாள், நம்பிராஜன் பாகிஸ்தான் போருக்குப் போனான். அதன்பின் தாராவிக்கு வந்த நான்கு கடிதங்களிலும் மனைவி தங்கமயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டு ஆடு தீனி தின்கிறதா என்று மட்டும் தவறாமல் கேட்டிருந்தான்.

பட்டாளத்துக் கடிதங்களை அதிகாரி படித்த பிறகுதான் ஒட்டுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதற்காக, ஆட்டை விசாரிக்கிறவனுக்குப் பெண்டாட்டியை விசாரிக்க வாய் வராதா? மராட்டிப் பள்ளியில் படித்ததால் அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. மாமனார் வானமாமலைதான் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் வாசிப்பார்.

ஐந்தாவது கடிதத்தில் ஆட்டைத் தாண்டியதும் அவர் குரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டிய?" என்றாள் மாமியார் கோமதியம்மாள்.

"கீழ அவன் கேப்டன் ரெண்டு வரி எழுதியிருக்காரு. சத்தமா வாசிக்க முடியாதுட்டி."

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாரும், வெளிறிப் போச்சு."

"உசுரோட இருக்காகளா மாமா? எதுன்னாலும் வாசிங்க," என்றாள் தங்கமயில்.

வானமாமலை கூரையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"'அம்மா, உங்கள் கணவர் தினமும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, நான் படிப்பேன் என்று வெட்கப்பட்டுக் கிழித்துவிடுகிறார். உங்கள் நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.'"