துறையூரில் ஒரு முனை

என் கடையில் புருவம் எடுக்கும் நூலின் இன்னொரு முனை துறையூரில் இருக்கிறது. திலகவதி அக்கா அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அக்காவும் நானும் வீட்டின் முன் அறையில் பார்லர் நடத்தினோம். நான் வெளிநாடு கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அவள் ஒரு நூல்கண்டைக் கொடுத்தாள். முனையைக் கடித்துக்கொண்டாள். கண்டு என்னோடு வந்தது. விமான நிலையத்தில் நூலைத் தனித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விமானத்தின் கதவை நூல்மேல்தான் மூடினார்கள். பணிப்பெண் எல்லோரையும் நூலைத் தாண்டி நடக்கச் சொன்னாள்.

இங்கே ஒரு சலவைக் கடைக்கு அடியில், நிலவறையில், சின்னதாக ஒரு பார்லர் திறந்தேன். இந்த ஊர் மழை முதல் மாடி வரைதான் இறங்கும். பிறகு சலித்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால் நிலவறை நனைவதில்லை. தபால்காரர் தினமும் நூலைத் தாண்டித்தான் போவார். ஒருநாளும் என்னவென்று கேட்டதில்லை.

நூலைக் கடித்துக்கொண்டு புருவம் எடுப்பவர்களுக்குத் தெரியும், அப்போது பேச முடியாது. வாயைத் திறந்தால் நூல் விழுந்துவிடும். அக்கா முனையை விட்டதே இல்லை. அதனால் நாங்கள் வருடக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. இழுத்துக்கொள்வோம். துறையூரில் கரண்ட் போனால் அக்கா வெடுக்கென்று இழுப்பாள். நான் மெதுவாக இழுத்தால் சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

இங்கே வரும் பெண்களின் இடது புருவம் என் கைவேலையாக இருக்கும். வலது புருவம் அக்காவுடையதாக இருக்கும். வலதுதான் அழகு. அதற்காகத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஆள் வராத நாட்களில் நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த முன் அறை ஞாபகம் வரும். பச்சைத் திரை, கடகடவென்று ஆடும் ஃபேன், கண்ணாடி ஓரமெல்லாம் பொட்டு. ஃபேஷியலுக்கு உட்காரும் பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். போகும்போது மறந்துவிடுவார்கள். அக்கா ஒன்றையும் பிய்த்துப் போட மாட்டாள்.

"வந்து கேப்பாங்கடி" என்பாள்.

யாரும் வந்து கேட்டதில்லை. என் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெல்கா அம்மையார் வந்தார். நகரத்தின் நூல் அதிகாரி. அவர் தன் மொழியில் பேசினார். எனக்குத் தமிழில் கேட்டது. மழை நாட்களில் இங்கே அப்படித்தான்.

"இது எங்கே போகிறது?"

"துறையூருக்கு."

"அங்கே யார்?"

"எங்க அக்கா."

"நூலின் இரண்டு முனையும் நாட்டுக்குள் இருக்க வேண்டும்."

"இல்லையென்றால்?"

"அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் கடையை மூட வேண்டும். சாயங்காலம் வருகிறேன்."

மேஜைமேல் ஒரு கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனார். போகும்போது தன் வலது புருவத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது இங்கே எடுத்த புருவம்தான்.

நாய் படாத பாடு பட்டுத் திறந்த கடை. மூட மனம் வரவில்லை. கத்தரிக்கோலை நூலருகே கொண்டுபோனேன். அப்போது பார்த்து வெடுக்கென்று ஒரு இழுப்பு வந்தது. துறையூரில் கரண்ட் போய்விட்டது. அக்கா இருட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தரிக்கோலை மேலே கொண்டுபோய்ச் சலவைக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைத் துவைக்கப் போட்டார்.

பிறகு நூலை இழுக்க ஆரம்பித்தேன்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் போர்வைக்கு மல்லுக்கட்டிய மாதிரியே எதிர்ப்பக்கம் இழுத்தாள். மதியம் திடீரென்று நூல் தளர்ந்தது. அப்புறம் தானாக வந்தது. முதலில் பவுடர் படிந்த நூல் வந்தது. அதன் பின்னால் பச்சைத் திரை வந்தது. பிறகு பிளாஸ்டிக் ஸ்டூல். பிறகு பொட்டுகளோடு அந்தக் கண்ணாடி. கடைசியில் அக்கா படியிறங்கி வந்தாள். முனை பல்லில் இருந்தது. தலை நரைத்திருந்தது. கையில் சாவி.

நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"இவ்ளோ தூரமாடி?"

"கோவமாக்கா?"

"நீ கூப்புடுறியா, அறுக்கப் போறியான்னு தெரியல. நூல்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அதான் கெளம்பிட்டேன்."

"பார்லர்?"

"பூட்டிட்டேன்."

"அப்ப அங்க யாருக்கா புடிச்சிட்டிருக்கா?"

"எதை?"

காபி போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஹெல்கா அம்மையார் வந்து இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். கடை நடக்கலாம் என்றார். பிறகு துறையூர்க் கண்ணாடி முன் நின்றார். ஓரத்திலிருந்து ஒரு மெரூன் பொட்டை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார்.

"இது என்னுடையது. மறந்துவிட்டேன்."

"நான் சொல்லல?" என்றாள் அக்கா என்னிடம்.

இப்போது வருகிறவர்களுக்கு இரண்டு புருவமும் ஒரே மாதிரி அமைகிறது. இரண்டும் சுமார்தான். நூல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. துறையூரில் கரண்ட் போனால் எங்களுக்குத் தெரிவதில்லை. தபால்காரர் மட்டும் பழக்கத்தில் வாசலில் காலைத் தூக்கி வைத்துப் போகிறார்.

இன்று காலை நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?"

இரண்டு பேர் வாயிலும் நூல் இருந்தது. நான் ஒரு கையை விடுவித்து அக்காவைக் காட்டினேன். அக்கா என்னைக் காட்டினாள்.