மண்டபத்தைவிடச் சின்னப் பேர்

அப்துல் லத்தீப் கோபித்துக்கொண்டால் மரக்காணத்தில் ஒரு நாள் உப்பு லாரி நகராது. இந்த முறை நின்றுவிடும் போலிருந்தது ஹம்னாவின் நிக்காஹ். அத்தா தாஹா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட, ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் அத்தாவின் அண்ணனான இந்தப் பெரியத்தாதான். அவரோ ஜும்ஆ முடிந்து நேராக வந்து, "ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் தங்கச்சிக்காரி ஷஹானா பண்ணிய வேலை. ஆரோவில்லில் வெப்சைட் போடுகிறவள், அக்கா கல்யாணப் பத்திரிகையையும் வெப்சைட்டாகப் போட்டு ஊரெல்லாம் லிங்க் அனுப்பியிருந்தாள்.

"என் பேரு எறும்பாட்டம் இருக்குது. மண்டபத்து பேரு கொட்டை எழுத்துல இருக்குது. மண்டபத்தைவிட நான் மட்டமா?"

"ஐயோ, இதுல நீங்கதாங்க எல்லாரையும்விட பெருசு!" அம்மா ஷம்சாத் தன் போனை நீட்டினாள். உண்மைதான்.

"ஓஹோ! உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

ஷஹானா எழுந்து வந்தாள். அவர் போனை வாங்கிப் பார்த்தாள். கண் மங்கலென்று மனுஷர் ப்ரௌசரில் எழுத்தின் அளவை உச்சத்தில் வைத்திருந்தார். மற்ற பேர்களுக்கெல்லாம் அவள் 'படிப்பவர் வைத்திருக்கும் அளவைப்போல் இத்தனை மடங்கு' என்று கணக்குக் கொடுத்திருந்தாள். அவை தளதளவென்று வளர்ந்திருந்தன. பெரியத்தா பேர் மட்டும் எவன் போனிலும் குறைந்துவிடக் கூடாதே என்று பயந்து, பிக்சல் கணக்கில், இத்தனை புள்ளிதான் என்று ஆணியடித்து வைத்திருந்தாள். பாவம், அது குறையவில்லை. வளரவும் இல்லை.

இதை அவரிடம் விளக்க அவளுக்கென்ன பைத்தியமா? "தப்புதான் பெரியத்தா" என்று லேப்டாப்பைத் திறந்து ஆணியைப் பிடுங்கினாள். பயத்தில் எல்லாரையும்விட இரண்டு மடங்கு போட்டாள்.

"இப்ப பாருங்க."

'அப்துல்' ஒரு வரி, 'லத்தீப்' ஒரு வரி. திரையில் வேறு எதற்கும் இடமில்லை. மனுஷருக்கு முகமெல்லாம் பல். விரலால் கீழே தள்ளினார், சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, தாஹா பேரு ஏன் சின்னதா இருக்குது? என் தம்பிம்மா அவன். அவனையும் என் அளவுக்குப் போடு."

ஷம்சாத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷஹானா அதையும் இரண்டு மடங்காக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை மொத ஆளா வந்துடறேன்" என்றார்.

கதவோரம் நின்றிருந்த கல்யாணப்பெண் எட்டிப் பார்த்தாள். "பெரியத்தா, என் பேரு?"

அவர் தள்ளினார், இன்னும் தள்ளினார்.

"வருதும்மா, வருது. உனக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல?"