ஆகாயக்காரனுக்குப் போன காசு

வேலாயியை வார்டிலிருந்து வெளியே அனுப்பியபோது அவள் புருஷன் தம்பையா கண்ணைத் திறக்கக்கூட இல்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. "இன்னைக்கு ராத்திரி தாண்டணும்" என்று மட்டும் சொன்னார் மருந்து கொடுக்கிறவர். கூட இருக்கவும் வழியில்லை. விடிந்தால் பசறைத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இந்த ஒருநாள் லீவுக்கே கங்காணியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள். மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து, "மாரியாத்தா, என் புருஷன் உசுரக் குடு" என்று கட்டிலோரம் நின்று வேண்டி, முந்தானையில் முடிந்துகொண்டதுதான் அவளால் ஆனது.

அரிசி ஏற்ற வந்த தோட்டத்து வண்டியில்தான் திரும்ப வேண்டும். கங்காணியோ பதுளைக் கடைவீதிக்கு வந்திருக்கும் பயாஸ்கோப்பைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும், துணைக்கு வந்த இராக்கம்மா வேலாயியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெயில்ல நின்னா மட்டும் நோவு தீந்துருமா? வாடி."

பழைய காப்பிக் கிடங்கின் ஜன்னல்களைச் சாக்குப் போட்டு அடைத்துப் பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். பேசாத படம். அதற்கும் சேர்த்துப் பேசுவதற்கு, திரை ஓரத்தில் ஜவுளிக்கடை ராமாமிர்தம் பிரம்போடு நின்றார். இங்கிலீஷ் எழுத்து திரையில் விழுவதற்கு முன்பே அவருக்கு அர்த்தம் தெரிந்துவிடும். அப்படி ஒரு படிப்பு! தன்னந்தனியாகச் சமுத்திரத்தைப் பறந்து கடந்த ஒரு வெள்ளைக்காரனின் கதை. அவன் பிறந்தது, தாயை இழந்தது, கந்தல் சட்டையோடு இயந்திரம் பழகியது எல்லாம் ஓடியது. வேலாயிக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அவள் காதில் தம்பையாவின் மூச்சுதான் இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவன் கடலுக்கு மேலே வந்தான். தூக்கமில்லாமல் கண் செருகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விமானம் தண்ணீரைப் பார்த்து இறங்கியது.

"கீழ தண்ணி! மேல இருட்டு! கூப்பிட்டா ஓடியாற ஒரு நாதி உண்டா அவனுக்கு?" ராமாமிர்தம் தொண்டை கிழியக் கத்தினார்.

"தூங்காத ராசா!" என்று பெண்கள் அலறினார்கள். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்ததும் வேலாயிக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. எழுந்து நின்றாள். கை முந்தானை முடிச்சை இறுகப் பிடித்தது.

"ஆத்தா, இந்தப் புள்ளையக் கரை சேத்துரு!"

விமானம் நிமிர்ந்தது. கரை வந்தது. ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. கிடங்கு முழுக்க விசில் பறந்தது. இராக்கம்மா மட்டும் வேலாயியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, யாரு பேரச் சொல்லி முடிஞ்ச காசு அது?"

ஒரு முடிச்சுக்கு ஓர் உயிர். அதைப் பிடித்துக்கொண்டு இன்னோர் உயிரைக் கேட்கக்கூடாது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு ராமாமிர்தத்திடம் ஓடினாள்.

"ஐயா, அவரு கரையேறினது இப்பத்தானுங்களா?"

"இப்பவா? அது நடந்து எவ்வளவோ நாளாச்சும்மா. இது அவரு கதைய வேற ஆள வச்சு நடிச்சுப் புடிச்சது" என்று சிரித்தார் அவர்.

வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே ஓடி வந்து இராக்கம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"நான் கேக்குறதுக்கு முந்தியே அவரு பொழைச்சுட்டாராம்க்கா. அப்போ ஆத்தா இந்தக் காச எடுத்திருக்க மாட்டால்ல?"

இராக்கம்மா அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவ எடுத்தாளோ எடுக்கலையோ. நீ குடுத்துட்டியேடி."

கங்காணி அதட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கீழேதான் பாதை. மலையிலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்ததால், உள்ளே யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள். வேலாயி வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழிருந்து பார்க்கையில் தம்பையாவின் கட்டில் எந்த ஜன்னலோரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் திறந்திருந்த ஒன்றையே பார்த்தாள். ஒரு கை வெளியே நீண்டு அதையும் இழுத்துச் சாத்தியது.