கீழத்தெருவில் எட்டுப் பேய் கூடுதல்

மூக்கன்துறையில் செத்தவர்கள் இஷ்டப்பட்ட தெருவில் குடியிருக்கலாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கைவர்க்கம் என்கிற புள்ளியியல் சோதனையில் தேறியாக வேண்டும்.

நாலு தெரு, நாற்பது பேய். தெருவுக்குப் பத்து இருக்க வேண்டியது. இருப்பதற்கும் இருக்க வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, பத்தால் வகுத்து, நாலையும் கூட்டுவார்கள். 7.81-ஐத் தாண்டாவிட்டால் எல்லாம் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். தாண்டினால், ஏதோ பட்சபாதம் நடந்திருக்கிறது என்று குலுக்கிப் போட்டு, தெருவுக்குப் பத்தாகப் பிரித்துவிடுவார்கள்.

இந்த வருஷம் கீழத்தெருவில் மட்டும் பதினெட்டு. மற்ற தெருக்களில் எட்டு, ஏழு, ஏழு. எல்லாம் வசந்தகோகிலத்தின் இட்லிக்கடைச் சாம்பார் வாசனை செய்த வேலை.

புள்ளியியல் அலுவலர் தேவசகாயம் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். "8.6 வருதும்மா."

வசந்தகோகிலம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பரணைப் பார்த்தாள். அந்தப் பதினெட்டில் ஒன்று அவள் புருஷன் சிவக்கொழுந்து. பரணில் உட்கார்ந்து "உப்பு கம்மிடி" என்று நாள் முழுக்க நொட்டை சொல்கிற மனுஷன். குலுக்கலில் அவர் வேறு தெருவுக்குப் போய்விட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

"ஒரே ஒருத்தர் மேலத்தெருவுக்கு மாறினா 6.6-தான். தப்பிச்சிரலாம்," என்றார் தேவசகாயம்.

அவள் தபால்காரப் பேயைக் கெஞ்சினாள். "அண்ணே, நீங்க போங்களேன்."

"மேலத்தெரு சாம்பாரை மோந்து பாத்திருக்கியா தங்கச்சி? அதுக்கு நான் இன்னொரு தடவை செத்துரலாம்."

மற்ற பேய்களும் சாம்பார் அண்டாவை விட்டு நகரவில்லை.

பரணிலிருந்து சிவக்கொழுந்து கேட்டார்: "ஏன் சார், மொத்தத்துல ஒரு ஆள் குறைஞ்சா?"

தேவசகாயம் மறுபடி கணக்குப் போட்டார். "முப்பத்தொன்பதுன்னா... 7.26. தற்செயல்தான்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

சிவக்கொழுந்து பரணிலிருந்து இறங்கினார். பாதி ஏணியில் உயிர் வந்துவிட்டதால் முட்டி மளுக்கென்றது. தேவசகாயம் பதினெட்டைப் பதினேழாகத் திருத்திவிட்டுக் கிளம்பினார்.

"நாலு இட்லி வைடி."

"முதல்ல கையைக் கழுவுங்க. எத்தனை நாள் தூசி!"

சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டு, வாசலுக்கு வந்து தேடினார். "என் செருப்பு எங்கடி?"

"எதிர்வீட்டு மாடசாமி அண்ணனுக்குக் குடுத்துட்டேன். செத்தவருக்கு எதுக்கு செருப்பு?"

தரை சுட்டது. துள்ளித் துள்ளி எதிர்வீட்டுக்குப் போனார். மாடசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்; வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

"இப்போதைக்கு இது போதும் மாப்ளே. மிச்சத்தை நான் செத்தப்புறம் வாங்கிக்க."

நியாயமாகத்தான் பட்டது. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே திரும்பிவந்து, சட்னிக்கு உப்பு கம்மி என்றார்.