பழனியாண்டியின் பொறுமை

மஸ்கெலியாவில் ஆட்டோ திருத்தும் பழனியாண்டிக்கு முகநூல் குழுவில் நல்ல பெயர் கிடையாது. ஆட்டோக்காரர்கள் பழுதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் குழு அது. யாராவது அரைகுறையாகக் கேட்டால், ஸ்பேனரை வைத்துவிட்டு வேறு தொழில் பார்க்கச் சொல்வார். அவர் சொல்லும் வழி சரியாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டவர் மறுபடி வாயைத் திறக்கமாட்டார்.

போன மாதம் அவர் மனைவி ராசம்மா தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழும்பவில்லை. கருமாதி முடிந்ததும் பழனியாண்டி கடையைத் திறந்தார். வேலை வந்தால் செய்தார், இல்லாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை.

கந்தப்பளையிலிருந்து பிரேமினி என்ற பெண் குழுவில் கேட்டிருந்தாள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் அடிவரை போய்விடுகிறதாம். பொம்பளைக்கு எதுக்கு ஆட்டோ என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். முன்பென்றால் பழனியாண்டி இரண்டு பேரையும் விட்டிருக்கமாட்டார். இப்போது உள்ளே எதுவும் கிளம்பவில்லை.

"வண்டிய எடுக்காதீங்க தங்கச்சி. பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருக்கான்னு பாருங்க" என்று எழுதினார்.

அவள் முன் சக்கரத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அது இல்லை என்று சொல்லி மறுபடி கேட்டார். ஒரே விஷயத்தை அவள் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் சொன்னார். கடைசியில் இடது பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவது தெரிந்தது. வீல் சிலிண்டரை மாற்ற வேண்டும், வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போகவேண்டும் என்று எழுதினார்.

மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"அண்ணே, பிரேக் நல்லா பிடிக்குது. எத்தன தடவ கேட்டும் கோவிக்காம சொன்னீங்க. வீட்டுல அண்ணிக்கிட்டயும் நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க."

அந்தப் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார். "சொல்றேங்க" என்று எழுதினார்.

முன்னொரு நாள் அவரிடம் திட்டு வாங்கிய ஜீவராஜ், அண்ணன் இப்போது தங்கமாகிவிட்டார் என்று கீழே எழுதினான். முப்பது பேருக்கு அது பிடித்திருந்தது. இது பொறுமையில்லை என்று எழுத நினைத்தார். எழுத அலுப்பாக இருந்தது.

அதற்குள் திலக்ஷன் என்றொருவன், வண்டி ஸ்டார்ட் ஆகி நின்றுவிடுகிறது என்று மட்டும் போட்டிருந்தான். என்ன வண்டி, எப்போதிருந்து, ஒன்றும் இல்லை.

"எந்த வருஷத்து வண்டிங்க தம்பி?" என்று பழனியாண்டி கேட்டார்.