பூட்டிய பின்கதவும் ஒரு பொத்தான் கடையும்

பொத்தானக்காவுக்குக் கடை கிடைத்துவிட்டது. அதுவும் நகரத்தின் நட்டநடுவில், கடைவீதி மேலேயே. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடையைப் பார்த்தபின் பிளந்த வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஒடுக்கம். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே யாரோ செருகி வைத்த மாதிரி இருந்தது. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். நீளத்துக்கு மட்டும் குறைவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் கடைசியில் இருப்பவருக்குக் காதில் விழுமா என்பது சந்தேகம்.

அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் கடையில் பொத்தான், ஜிப், லேஸ் என்று எடுத்துக் கொடுத்து வந்தவள். சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே சட்டென்று வராது, அந்த அளவுக்குப் பொத்தான் அவளோடு ஒட்டிக்கொண்டது. சொந்தமாக ஒரு கடை, அது ஒன்றுதான் அவள் கேட்டது. பொத்தான் விற்க அகலம் எதற்கு, சுவர் இருந்தால் போதாதா? அதோடு அவள் ரகசியமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடையின் பின்கதவுக்கு அந்தப் பக்கம் தையல்காரர்கள் தெரு. ஒரு நூல்கண்டு வேண்டுமென்றாலும் அவர்கள் இந்தக் கட்டட வரிசையையே சுற்றிக்கொண்டு கடைவீதிக்கு வர வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்தால் நேராக அவள் மடியில்தான் வந்து விழுவார்கள்!

கடையின் சொந்தக்காரர் பூட்டு மாமா. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். இடப்பக்கம் நின்ற பெரிய கட்டடமும் அவருடையதுதான். அதன் கீழ்த்தளம் கும்மிருட்டாக, குடோனுக்குக்கூட ஆள் வராமல் கிடந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஆணி அடி, பெயின்ட் அடி, எல்லாம் உன் இஷ்டம்மா. பின்கதவ மட்டும் தொறக்கக் கூடாது."

"ஏன் மாமா?"

"கூடாதுன்னா கூடாது."

அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இருந்தாலும் கிடைத்த கடையை விட மனசில்லை. மெல்லப் பேசி மனுஷரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

விளக்கு மாட்ட அவளுடைய நாத்தனார் வந்தாள். எலக்ட்ரீஷியன். கையில் டிரில்லும் வாயில் நக்கலுமாகத்தான் எந்த வீட்டுக்கும் போவாள். இடப்பக்கச் சுவரில் டிரில்லை வைத்து அழுத்தினாள். சுவர் 'பொசுக்' என்று உள்வாங்கி, ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து காலில் விழுந்தது.

"அய்யய்யோ, என்னடி பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. சுவருக்குள்ள மரம் இருக்கு."

இருவரும் கையாலேயே பூச்சை உரித்தார்கள். பச்சை வண்ணம் அடித்த ஒரு ஜன்னல் வெளியே வந்தது, நல்ல பெரிய ஜன்னல். அதன் கீழே மழைத் தண்ணீர் வழிவதற்காகச் சரித்துக் கட்டிய கல், கடைக்குள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

நாத்தனார் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள். "அண்ணி, இது பக்கத்துக் கட்டடத்து ஜன்னல். கம்பிய வெளிப்பக்கமா வச்சிருக்காங்க. மழ படற பக்கம் நம்ம பக்கம். அப்படின்னா நாம இப்ப வெளியில நிக்கிறோம்."

அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். தகரக் கூரை. பிறகு கேட்பானேன்? ஒருத்தி சுத்தியல் காம்பால் சுவரைத் தட்ட, ஒருத்தி காதை வைத்துக் கேட்க, வெற்றுச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டே கடைசிவரை போனார்கள். சுவர் முழுக்க ஜன்னல்கள். முன்வாசலுக்கு மேலே, கடைக்கு வெளிப்புறம், பழைய போர்டைக் கழற்றியபோது ஒரு நீலத் தகடு தெரிந்தது. முன்பாதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே சொல்: சந்து.

"சந்துல சிந்து பாடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் நாத்தனார். "பூட்டு மாமா பந்தலே போட்டுப் பாடிட்டாரே!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அக்காவுக்கு நின்றுபோனது. சந்தை யாரால் வாடகைக்கு விட முடியும்? விஷயம் வெளியே தெரிந்தால் இந்தக் கடை கடையே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"உள்ள யாரும்மா? இங்க பொத்தான் கட வருதாமே. கறுப்புல கோட்டுப் பொத்தான் கெடைக்குமா? கஸ்டமர் வந்து தலமேல நிக்கிறாரு."

ஒரு தையல்காரர்! அக்கா ஓடினாள். கட்டிவைத்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, கறுப்புப் பொத்தான் அட்டையைத் தேடி எடுத்துக் கதவுக்கடியில் தள்ளினாள். அந்தப் பக்கத்திலிருந்து காசு உருண்டு வந்தது. முதல் போணி! சொந்தக் கடையின் முதல் போணியைத் தரையில் மண்டியிட்டு வாங்கினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

எழுந்து திரும்பினால், சாவிச் சத்தம். வழக்கம்போலப் பின்பூட்டை இழுத்துப் பார்க்க வந்த மாமா, ஜன்னலைப் பார்த்ததும் பெயின்ட் டப்பா மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா செஞ்சதும்மா" என்றார். "குப்ப கொட்டறாங்கன்னு ரெண்டு பக்கமும் கதவு போட்டாரு. அப்புறம் மழைக்குக் கூர போட்டாரு. அப்புறம் வாடகைக்கு ஆள் வந்துட்டான். அந்தக் கதவு வழியா நாலு பேர் நடந்தா, ஒருத்தனாவது இது சந்தாச்சேன்னு கேப்பான். அந்தப் பயத்துலயே என் தல நரைச்சுப் போச்சு. பூசிடும்மா. உனக்கும் கட நிக்கும், எனக்கும் மானம் நிக்கும்."

நாத்தனார் டிரில்லைக் கீழே வைத்தாள். அக்காவுக்கு 'சரி' என்ற சொல் நுனிநாக்கில் இருந்தது. பொய் எதற்கு, சொல்லிவிடத்தான் நினைத்தாள். இத்தனை வருஷம் காத்துக் கிடைத்த கடையைத் தூக்கிக் கொடுக்க அவள் என்ன தியாகியா? அப்போதுதான் வரிசையாக நின்ற சாக்பீஸ் கட்டங்கள் அவள் கண்ணில் பட்டன.

"மாமா, பக்கத்து குடோன் ஏன் காலியா கெடக்கு?"

"இருட்டும்மா. வாசலும் ஒரு மூலையில இருக்கு. எவன் வருவான்?"

"வெளிச்சம் இங்க இருக்கு மாமா! நீங்கதான் பூசி வச்சிருக்கீங்க!" அக்கா ஓடி ஓடி ஒவ்வொரு கட்டத்தையும் தட்டினாள். "குடோனத் தடுத்தா, இது ஒரு கட. இது ஒரு கட. இதோ இது ஒண்ணு. எல்லாம் உங்க சொந்தச் சுவரு, யாருக்கும் பயப்பட வேண்டாம். முன்னாடி கடவீதி, பின்னாடி தையல் தெரு, நடுவுல நாள் முழுக்க ஜனம். ஒரு கடைக்கு ஆசப்பட்டு ஒரு வரிசைக் கடைய மூடி வச்சிருக்கீங்களே!"

மாமா கட்டங்களை விரல் விட்டு எண்ணினார். "நகராட்சிக்காரங்க கேட்டா?"

"கேக்கறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடுவோம்."

"பேப்பர்ல உங்க போட்டோ வரும் மாமா" என்றாள் நாத்தனார். "நானே தல சீவி விடறேன்."

மாமா அக்காவையே பார்த்தார். "உன் கட போயிடுமேம்மா?"

அக்கா பச்சை ஜன்னல்மேல் கையை வைத்தாள். "முதல் ஜன்னல் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

மாமா எழுந்து பின்கதவுக்குப் போனார். கொத்திலிருந்த அத்தனை சாவியையும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. உலகத்துச் சாவியெல்லாம் சுமந்த மனுஷரிடம் இந்த ஒரு சாவி மட்டும் இல்லை. அப்பா எப்போதோ தூக்கி எறிந்திருக்கிறார். நாத்தனார் டிரில்லை எடுத்தாள். பூட்டு தெறித்தது, கதவு முனகியது, காற்று குபீரென்று பாய்ந்து சாக்பீஸ் தூளைக் கடைவீதிவரை கொண்டுபோனது. வாசலில் கழுத்தில் டேப்போடு நின்ற தையல்காரர், "வழியா இது?" என்று கேட்டபடியே உள்ளே நுழைந்து, முன்வாசல் வழியாக வெளியே போய், உடனே திரும்பி மறுபடியும் நடந்து வந்தார்.

அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், மாமாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கூரை போனது, ஜன்னல்கள் திறந்தன. முதல் ஜன்னலில் அக்கா. நீளக் கடைக்கென்று எழுதி வாங்கிய போர்டு ஜன்னலைவிடப் பெரிதாக இருந்தது. நாத்தனார் அதை அறுத்து, பெரிய எழுத்திலிருந்த முதல் சொல்லை மட்டும் சந்துவாசலில் கிடைத்த இடத்தில் அடித்துவிட்டுப் போனாள். வியாபாரம் அலைமோதியதில் அது எங்கே அடிக்கப்பட்டது என்று பார்க்க அக்காவுக்கு நேரமில்லை.

ஒருநாள் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொத்தான் சந்துன்னு கேளு, எல்லாருக்கும் தெரியும்."

அது எந்தச் சந்து என்று அக்கா ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். துருப்பிடித்த நீலத் தகடு, அதற்கு முன்னால், உதிர்ந்துபோன இடத்தில், அவளுடைய போர்டின் துண்டு. உள்ளே திரும்பியவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளருக்குக் கேட்ட நிறத்தை மறந்து வேறு நிறப் பொத்தானைக் கொடுத்தாள்.